முப்பத்து நான்கு படிகள், ஒரு மறுபரிசீலனை

ஏப்ரல் 7

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நம் சங்கத்தின் பதினோரு ஆண்டு வரலாற்றில் தீர்க்கப்படாமலே இருந்த ஒரு கேள்விக்கு, நேற்று முன்தினம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு இறுதி விடை காணப்பட்டது என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கூட்டம் நடக்கும்போது தெருப்பக்கத்து ஜன்னல் இனிமேல் அரைவாசி திறந்திருக்கும்.

முதலில் வந்த தீர்மானத்தில் "முழுவதும்" என்றுதான் இருந்தது. அதைக் "கொஞ்சம்" என்று மாற்றச் சொல்லி ஒரு திருத்தம் வந்தது. கொஞ்சம் என்பது ஓர் அளவே அல்ல என்று அதை நான் ஏற்கவில்லை. பிறகு வந்த "அரைவாசி" என்ற திருத்தம் ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை. இருந்தாலும் அறையில் ஒரு நிம்மதி பரவியதை உணர்ந்தேன். காற்றும் வந்தது.

நிகழ்ச்சி நிரலில் ஜன்னல் ஏழாவது பொருள். தாங்கள் ஆறாவது பொருள் முடிந்ததும் எழுந்து போய்விட்டதால் இதைப் பார்க்கும் வாய்ப்பை இழந்தீர்கள். துணைத்தலைவரான தங்களுக்கு விவரம் வந்துசேர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கூட்டக் குறிப்பேடு எழுதுவதில் ஒரு சிறு சிக்கல். தாங்கள் தலைமையின் அனுமதி கேட்காமல் வெளியேறினீர்கள். கதவைக் கைப்பையால் தள்ளினீர்கள். இது "வெளிநடப்பு" ஆகுமா, "விடைபெற்றுச் சென்றார்" ஆகுமா என்பது தெரியவில்லை. வெளிநடப்பு என்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாங்கள் சொன்ன காரணம், "போங்கய்யா, நீங்களும் உங்க புத்தகமும்!" என்பது. அப்படியே எழுதிவிடலாமா?

அன்று மாலை ரயிலிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று என் மனைவி சொன்னாள். தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ஒருவகையில் நல்லதுதான். நம் விதிகளின்படி தொலைபேசியில் சொன்னது எதுவும் செல்லாது.

என் மகனையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
தலைவர்.


ஏப்ரல் 11

சம்பந்தி அவர்களுக்கு,

ஜன்னல் செய்தி கிடைத்தது. மிகவும் சந்தோஷம். காற்றுக்கு இனிக் கவலையில்லை.

ரயிலில் எனக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"பொண்ணு வீட்டுக்கு."

"ஏதாவது விசேஷமா?"

"இல்லைங்க. கோபம்."

கோபம் என்றதும் அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நானும் சொன்னேன். "நடக்க முடியாதவங்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் குடுக்கிற சங்கம் எங்களோடது. பதினோரு நாற்காலி இருக்கு."

"நல்ல காரியம்தானே."

"பதினொண்ணும் பல் டாக்டருக்கு மேல, ரெண்டாவது மாடியில இருக்கு. முப்பத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது. நாற்காலி யாருக்கு வேணுமோ அவங்களே நேர்ல ஏறி வந்து கையெழுத்துப் போடணும். இல்லைன்னா எங்க தலைவர் குடுக்க விடமாட்டார்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

சம்பந்தி, பேக்கரிக்காரர் தன் கடையின் பின்னறையைச் சும்மா தருகிறேன் என்கிறார். தரைமட்டம். வாசலில் படிக்கட்டே இல்லை. வாடகை வேண்டாம், "எடுத்துக்கறோம்"னு மே அஞ்சுக்குள்ள ஒரு கடிதம் குடுத்தாப் போதும் என்றார். இல்லையென்றால் பலூன் மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். மூன்று மாதமாக இந்த அறை வேண்டும் வேண்டும் என்று என்னைவிட அதிகமாகப் பேசியவர் யார்? நீங்கள். தீர்மானத்தை நான் படித்தேன். ஆதரவாக ஆறு கை. நாம் "பேக்ஹேண்ட்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் ஆளும் அவரோடு டேபிள் டென்னிஸ் ஆடும் ஐந்து பேரும் எதிர்த்து ஆறு கை. சமமாக வந்தால் தலைவர் ஓட்டுப் போடலாம். எனக்கு மூச்சே திரும்பி வந்தது. நீங்கள் எழுந்தீர்கள். கண்ணாடியைச் சரி செய்தீர்கள். "எதிர்" என்றீர்கள்.

நான் இருபத்தாறு வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். எத்தனையோ வகை ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கு எரியும்போது, போக வேண்டும் என்று ஆசையும் இருக்கும்போது, தானே பிரேக்கை மிதித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்த ஆளை நான் பார்த்ததில்லை.

முதல் நாற்காலி என் வீட்டுக்காரருடையது. எட்டு மாதம் அதில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அடுத்த தெருவில் ஒருவருக்குக் கொடுத்தேன். சங்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. தலைவர், விதி, குறிப்பேடு எல்லாம் பிறகு வந்தவை. நீங்களும் பிறகு வந்தவர்தான்.

மே ஐந்துக்குள் அந்த அறை கிடைத்தால் திரும்பி வருவேன். கிடைக்காவிட்டால் நான் பார்க்கும் பொருட்காப்பாளர் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். இங்கேயே இருந்துவிடும்மா என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளையும் ஆமாம் என்கிறார். அவர் உங்கள் மகன்தானா என்று சில நேரம் சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறார்.

வெளிநடப்பு என்றே எழுதுங்கள். காரணத்தையும் அப்படியே எழுதுங்கள். ஆச்சரியக்குறியை விட்டுவிட வேண்டாம்.

சம்பந்தி.


ஏப்ரல் 15

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆச்சரியக்குறி சேர்க்கப்பட்டுவிட்டது.

தலைவரின் வாக்கு தலைவருக்குச் சொந்தமானதல்ல. வாக்குகள் சமமாகப் பிரிந்தால், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றுதான் அவர் வாக்களிக்க வேண்டும். சபையில் பாதிப் பேர் மாற்றம் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அந்த நேரத்தில் தலைவர் தன் சொந்த ஆசையைத் தூக்கி ஒரு தட்டில் போட்டால், பிறகு அவரை யார் நம்புவார்கள்? பெரிய பெரிய சபைகளில் எல்லாம் இதுதான் வழக்கம் என்று கூட்ட விதிப் புத்தகம் சொல்கிறது. நம்முடையது சிறிய சபைதான். ஆனால் வழக்கத்துக்கு அளவு பார்ப்பதில்லை.

கையைத் தூக்கியபோது அது கனத்தது. குறிப்பேட்டில் அதை எழுத இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி அன்று தங்களோடு சேர்ந்து ஆதரவாகக் கை தூக்கியவள் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். பத்து நாட்களாக அவள் என்னிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பூனையிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கும்படியாக. நேற்று சொன்னது: "பூனை, சில பேர் வீட்டுக்குள்ளயும் நடுநிலைதான். அதுவும் பாத்திரம் கழுவுற நேரத்துல மட்டும்." பூனை என்னை நிமிர்ந்து பார்த்தது.

நாற்பது ஆண்டுகள் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தியவன் நான். எந்தப் பக்கத்தையும் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. ஆகவே புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. தோற்றுப்போன தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் தோற்றவர்கள் கொண்டுவர முடியாது. ஜெயித்த பக்கத்தில் வாக்களித்த ஒருவர்தான் கொண்டுவர வேண்டும்.

ஜெயித்த பக்கத்தில் ஏழு பேர். ஆறு பேர் பேக்ஹேண்ட் அணி. அவர்கள் கொண்டுவர மாட்டார்கள். ஏழாவது ஆள் நான்.

அடுத்த கூட்டம் மே மூன்று. பேக்கரிக்காரரின் கெடு மே ஐந்து. நாட்கள் போதும். ஒன்றே ஒன்றுதான் தடை. தலைவர் நாற்காலியில் இருப்பவர் தீர்மானம் கொண்டுவரக் கூடாது. நான் இறங்கி உறுப்பினர் வரிசையில் உட்கார வேண்டும். நான் இறங்கினால் அந்த இடத்தில் துணைத்தலைவர் அமர வேண்டும்.

துணைத்தலைவர் தாங்கள்.

தங்கள் சம்பந்தி.


ஏப்ரல் 19

சம்பந்தி அவர்களுக்கு,

ஆக, என் தீர்மானத்தைத் தோற்கடித்த ஆள்தான் அதைக் காப்பாற்றவும் முடியும். அதற்கும் நான் முந்நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார வேண்டும். இந்தப் புத்தகத்தை எழுதியவருக்குக் குடும்பம் இருந்ததா?

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அத்தை, இது புதுசு இல்ல. நான் மூணாவது படிக்கும்போது ஸ்கூல்ல படம் வரையுற போட்டி. அப்பாதான் நடுவர். என் படம்தான் நல்லா இருந்துச்சு, எல்லாரும் சொன்னாங்க. நடுவரோட பையன்கிறதால எனக்கு ஆறுதல் பரிசுகூட கிடையாதுன்னுட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் படத்துக்கு அவரே சட்டம் போட்டு மாட்டினார்."

அந்தப் படத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு யானை. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

வரலாமா என்று யோசித்தேன். பையை எடுத்து வெளியே வைத்தும் விட்டேன். அப்போதுதான் மகள் சாப்பாட்டு மேசையில் பட்டாணியை உரித்துக்கொண்டே, "அம்மா, கணக்குப் பார்த்தியா?" என்று கேட்டாள். நம் பக்கத்துக்கு ஆறு பட்டாணி வைத்தாள். அவர்கள் பக்கத்துக்கு ஆறு. "நீ தலைவராயிட்டா உனக்கு ஓட்டு இல்ல" என்று சொல்லி ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "மாமா கீழ இறங்கி உங்க பக்கம் வராரு." ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

மறுபடியும் ஆறுக்கு ஆறு.

இப்போது சமமாக வந்தால் யார் ஓட்டுப் போட வேண்டும்? நான். எப்படிப் போட வேண்டும்? உங்கள் புத்தகப்படி, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று. அதாவது என் தீர்மானத்துக்கு நானே எதிர்த்து. நீங்கள் செய்த அதே காரியத்தை நானும் செய்வதற்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா? நேராகப் பதில் எழுதுங்கள். தெரிந்தே கூப்பிட்டிருந்தால், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அதையும் எழுதுங்கள். வழவழா வேண்டாம்.

பை இன்னும் வெளியேதான் இருக்கிறது. உள்ளே வைக்கவும் இல்லை, துணி அடுக்கவும் இல்லை.

சம்பந்தி.


ஏப்ரல் 23

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

முதல் கேள்விக்குப் பதில்: தெரியும். பதினாலாம் தேதியே தெரியும். பட்டாணி இல்லாமல் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது. தலைமை ஏற்கப் போகிறவரிடம், இப்படி வாக்களியுங்கள் என்று ஓர் உறுப்பினர் முன்கூட்டியே சொல்வது மிகப் பெரிய தவறு. நான் அந்தக் கூட்டத்தில் உறுப்பினராக இருப்பேன். ஆகவே சொல்ல மாட்டேன். வழக்கப்படி வாக்களியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வழக்கத்தைத் தூக்கிப் போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இந்தப் பத்தியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்த ஒன்றில் ஏதோ சொல்லியிருந்தேன். என் மனைவி அதைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, பூனையிடம், "பரவாயில்லை, உள்ள ஒரு மனுஷன் இருக்கான்" என்றாள்.

பேக்கரிக்காரரை வழியில் பார்த்தேன். "என்ன சார், அறை வேணுமா வேண்டாமா? பலூன்காரர் தினமும் போன் பண்றார்" என்றார். விஷயம் சபையின் பரிசீலனையில் இருக்கிறது என்றேன். "சபையில எத்தனை பேர்?" என்றார். பதின்மூன்று என்றேன். "எங்க கடையில ரொட்டி என்ன வடிவத்துல இருக்கணும்னு நானும் என் தம்பியும் மட்டும்தான் முடிவு பண்றோம். அதுக்கே நாலு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அனுதாபமாகப் பார்த்தார்.

முறைப்படியான அழைப்பு: மே மாதம் மூன்றாம் தேதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில், சங்கத்தின் மாதக் கூட்டம் நடைபெறும். பொருள்: ஒரு தீர்மானத்தை மறுபரிசீலனை செய்தல். துணைத்தலைவர் தலைமை தாங்க வேண்டுகிறேன்.

முறைப்படி அல்லாதது: வாருங்கள்.

தங்கள் சம்பந்தி.


ஏப்ரல் 27

சம்பந்தி,

அஞ்சலட்டை என்பதால் சுருக்கம். மூன்றாம் தேதி மதியம் வந்து சேருவேன். அன்றே மாலை ஆறு மணி ரயிலில் திரும்புகிறேன். சாமான்கள் இங்கே இருக்கின்றன, எது எப்படி முடிந்தாலும் அவற்றை எடுக்க வேண்டும்.

நிபந்தனை ஒன்று. அந்த ஒரு மணி நேரம் தலைவர் நான். நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களால் முடியாது என்று மாப்பிள்ளை பந்தயம் கட்டியிருக்கிறார்.


மே 6

சம்பந்தி அவர்களுக்கு,

மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார்.

கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது படிக்கட்டில் உங்களைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தேடவும் முடியவில்லை. உள்ளே நடந்ததை உங்கள் வீட்டம்மா சொல்லியிருப்பார், அல்லது பூனையிடமாவது சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டியது என் கடமை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

முதலில் நீங்கள் இருந்தவரை. எழுந்து மறுபரிசீலனை கேட்டீர்கள், அழகாகப் பேசினீர்கள். மறுபடி தோற்கடிக்கலாம் என்ற நினைப்பில் பேக்ஹேண்ட் அணியும் மறுப்பு சொல்லவில்லை. அதோடு நீங்கள் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நான் மணியடிக்காமல் மேசையைச் சாவிக்கொத்தால் தட்டினேன். எழுந்தீர்கள், "ஒழுங்குப் பிரச்சினை, விதிமீறல்" என்றீர்கள். ஒருவரை "ஏம்ப்பா" என்றேன், எழுந்தீர்கள். தீர்மானத்தை "அந்த விஷயம்" என்றேன், எழுந்தீர்கள். ஜன்னல் அரைவாசிக்கு மேல் திறந்திருக்கிறது என்று எழுந்தீர்கள். இரண்டு முறை எச்சரித்தேன். "மூணாவது தடவை வெளிய அனுப்பிடுவேன், புத்தகத்துல நூத்தியெட்டாம் பக்கம்" என்றேன்.

எழுந்தீர்கள். "ஒழுங்குப் பிரச்சினை. அது நூற்று எண்பதாம் பக்கம்" என்றீர்கள்.

உங்களை வெளியே அனுப்பியபோது நம் பக்கம் ஐந்து கைதான் மிஞ்சும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது. அவர்கள் ஆறு. நான் ஓட்டுப் போடும் பேச்சுக்கே இடமில்லை. ஐந்துக்கு ஆறு, முடிந்தது கதை. என் அறையை என் கையாலேயே பலூன்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

பேக்ஹேண்ட் கையைத் தூக்கினார். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுப்பா."

"அறை மாறினா எங்க டேபிள் டென்னிஸ் மேசை என்ன ஆகும்? அந்த அறையில மேசை நுழையாதே."

"மேசை எதுக்கு அங்க வரணும்? நாற்காலிதான் கீழ போகுது. மேசை இங்கயே கிடக்கட்டும், கூட்டமும் இங்கயே நடக்கட்டும். இடம் குடுத்த டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அவர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதைப் போன கூட்டத்துலயே கேட்டிருக்கலாமேப்பா?"

"கேக்கத்தான் எழுந்தேன் அக்கா. தீர்மானத்துல மேசை என்ற வார்த்தையே இல்லை, உட்காருங்கன்னு தலைவர் சொல்லிட்டார். அஞ்சு வருஷமா நான் எழுந்தா உடனே உட்கார வச்சுடுவார். இன்னைக்குத்தான் ஒரு வாக்கியத்தை முழுசாப் பேசியிருக்கேன்."

பிறகு வாக்கெடுப்பு. பத்துக்கு ஒன்று. எதிர்த்த ஒருவர் பேக்ஹேண்டின் இரட்டையர் ஆட்டக் கூட்டாளி. ஏன் எதிர்த்தீர்கள் என்றதற்கு, ஏகமனதாக இருந்தால் நன்றாக இருக்காது என்றார்.

இவ்வளவுதான். ஆறுக்கு ஆறு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ரயிலில் வரும்போது உறுதியாக இருந்தேன். உங்கள் வழக்கத்தை ஜன்னல் வழியாக வீசிவிடுவேன் என்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு முகங்களைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதி இல்லை. உங்கள் கை ஏன் கனத்தது என்பது கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

இருபதாம் தேதி ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறேன். மகளுக்கு வருத்தம். வெளியே அனுப்பியதற்கு மன்னிக்கவும் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. நூற்று எண்பதாம் பக்கம் என்று சொன்னது நீங்கள்தானே.

சம்பந்தி.


மே 17

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் கீழே வருகிறது.

மேசை பற்றிய கேள்வியை நான் தடுத்தது ஏப்ரல் மாதக் குறிப்பேட்டில் இருக்கிறது. "உறுப்பினர் ஒருவர் தொடர்பற்ற பொருளைப் பேச முயன்றார், அமரவைக்கப்பட்டார்." என் கையெழுத்துதான். அந்த வரியைப் பலமுறை படித்தேன். அதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

நேற்று முன்தினம் பேக்ஹேண்டின் வீட்டுக்குப் போய், தாங்கள் சொல்ல வந்ததைச் சொல்ல விடாதது என் தவறு என்றேன். அவர், "இதை எழுத்துல குடுப்பீங்களா சார்?" என்றார். கொடுத்தேன்.

இனி, என் தரப்பில் நடந்த மூன்று முறைகேடுகளைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இவற்றுக்கு ஒப்புதல் கேட்கப் போகிறேன்.

தாங்கள் என்னை வெளியேற்றியபோது மணி நாலு ஐம்பது. பத்தொன்பதாம் படியில் உட்கார்ந்தேன். கோபம் இருந்தது, மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஏதோ உரசும் சத்தம் கேட்டது. ஒருவர் காலில் மாவுக்கட்டோடு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தபடி, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். பேருந்து நடத்துநராம். என் பக்கத்துப் படிக்கு வந்ததும் நின்றார்.

"நீங்களும் கால் ஒடிஞ்சவரா சார்?"

"இல்லை. நான் வெளியேற்றப்பட்டவன்."

"பல் டாக்டரா வெளிய போகச் சொன்னார்?"

நான் விளக்கம் சொல்லவில்லை. எதற்கு வந்தீர்கள் என்றேன். சக்கர நாற்காலி வாங்க, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாமே என்றார். இன்னும் பதினைந்து படி இருந்தது. அவர் சட்டை முழுவதும் வியர்வை. அந்த விதியை முன்மொழிந்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

முறைகேடு ஒன்று: பதிவேட்டுக்குப் பதிலாக, என் உரையை எழுதிவைத்திருந்த தாளின் பின்பக்கத்தில், பத்தொன்பதாம் படியில் வைத்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

முறைகேடு இரண்டு: கூட்ட அறைக்குள் நான் நுழையக் கூடாது. நாற்காலி அறை எதிர்ப்புறம் என்பதாலும், மாற்றுச் சாவி பல் மருத்துவரின் உதவியாளர் பெண்ணிடம் இருப்பதாலும், பொருட்காப்பாளரின் அனுமதியின்றி அதைத் திறந்தேன்.

முறைகேடு மூன்று: அந்தப் பெண் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நாற்காலியைக் கீழே இறக்கிக்கொண்டு போனோம். பாதியில் இரண்டு முறை நின்றேன். பிறகு நடத்துநர் படிப்படியாகக் கீழே வந்து சேர்ந்ததும் அவரை அதில் உட்காரவைத்துப் பேருந்து நிறுத்தம் வரை தள்ளிக்கொண்டு போனேன். வாக்கெடுப்பின்போது நான் படிக்கட்டில் இல்லாததற்கு இதுதான் காரணம். கோபித்துக்கொண்டு போகவில்லை.

அந்த நாற்காலி பதினாறு கிலோ எடை. தாங்கள் பதினோரு ஆண்டுகளாக அவற்றைத் தனியாகத் தூக்கி இறக்கியிருக்கிறீர்கள். குறிப்பேடுகளை முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். எங்கும் அது எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டியவன் நான்.

என் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, "டீ போடட்டுமா?" என்றாள். பூனைக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். இன்னும் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாம் தேதி காலை கடை திறக்கும் முன்பே பேக்கரிக்காரரிடம் கடிதத்தைக் கொடுத்தோம். பத்தாம் தேதி பேக்ஹேண்டும் அவருடைய ஆட்களும் வந்து மீதிப் பத்து நாற்காலிகளையும் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் எதிர்த்த ஆறு பேரும் வந்தார்கள். மே மாதத்தில் எதிர்த்தவரும் அவர்களில் ஒருவர். நான் படி எண்ணினேன். நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. புது அறைக் கதவுக்கு வெளியிலேயே ஒரு மேசை போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு நின்று விசாரிக்கிறார்கள். பதில் எழுதத் தாமதமானது இதனால்தான்.

இன்று காலை நிலவரம்: பதினோரு நாற்காலிகளும் இரவலில் இருக்கின்றன. அறையில் ஒன்றும் இல்லை. நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

தங்கள் சம்பந்தி.